மொட்டைத் தலையும் இரண்டு ஊர்களும்

சித்தூரில் உப்பு லாரியிலிருந்து இறங்கிய காலையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் என் மொட்டைத் தலையைப் பார்த்துக் கும்பிட்டார். முன்பின் தெரியாதவர் கும்பிட்டால் எனக்கு முதலில் வருவது பயம். டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நகர்ந்தேன். அவர் விடவில்லை. "தரிசனம் பாகா அயிந்தா?" என்று கேட்டுவிட்டு, வலது கையைக் குவித்து என் முன்னால் நீட்டினார். டீக்குக் காசு கொடுத்தாயிற்று. பிறகு எதற்குக் கை நீட்டுகிறான்? வெளியூர்க்காரன் என்று கண்டுகொண்டு இரண்டாம் முறை பிடுங்கப் பார்க்கிறான் என்று முடிவுகட்டி, எனக்குத் தெரிந்த வசவுகளில் பாதியைக் கொட்டினேன். அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"இன்னாத்துக்குப் பா திட்ற? மொட்ட அடிச்சிக்கினு மலையிலேர்ந்து வர்றியே, தரிசனம் நல்லா ஆச்சான்னு கேட்டேன். பிரசாதம் துளி குடுப்பன்னு கைய நீட்னேன். இல்லன்னா இல்லன்னு சொல்லு."

நான் திருப்பதி மலையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. என் மனைவி செல்லம்மாளுக்குக் காரியம் செய்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவன் மொட்டைத் தலையோடு தெருவில் நடந்தால், எதிரே வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "யாரு?" என்று மட்டும் கேட்பார்கள். இங்கே அதே தலையைப் பார்த்துக் கை குவிக்கிறார்கள். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. "லட்டு தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆந்திராவில் நான் சொன்ன முதல் பொய் அது.

ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வடக்கே வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து கொஞ்சம் முன்பின் இருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்ல அது போதும்.

எங்களுக்கு ஒரே மகள், வள்ளி. அவள் வயிற்றில் இருந்தபோதே செல்லம்மாள் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டாள். முதல் முடி மலைக்கு என்று சொல்லி, பிறந்ததிலிருந்து கத்தரிக்கோல் படாமல் வளர்த்தாள். மூன்று வயதில் அந்த முடி தோளைத் தொட்டது. வருஷா வருஷம் போகலாம் என்போம். உப்பு விளையும் மாதங்களில் பாத்தியை விட்டு நகர முடியாது. மழைக்காலத்தில் வேலை இருக்காது, பஸ்ஸுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அடுத்த வருஷம் என்று மூன்று தடவை சொன்னேன். சொன்னது நான்தான், அவள் இல்லை. மூன்றாம் வருஷம் தெருவில் வாந்திபேதி வந்தது. வள்ளி ஒரு பகல்தான் தாங்கினாள்.

குழந்தையைத் தூக்கப்போகும்போது செல்லம்மாள் கத்தரிக்கோலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். வெட்டினேன். அவள் மஞ்சள் துணியில் முடிந்தாள். ஐந்தாம் நாள் அதே நோயில் அவளுக்கே பேச்சு குழறியபோதும் அந்த முடிச்சைத்தான் காட்டினாள். "கொண்டுபோயி குடுத்துடுங்க. சாமி பாக்கி நிக்கக் கூடாது." மறுநாள் அவளும் இல்லை. காரியத்தன்று மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டார். "அடுத்த வருசம் அடுத்த வருசம்னு தள்ளுனீங்களே மாப்ள, இப்ப நிம்மதியா?" அந்தக் கேள்வியையும் முடிச்சையும் எடுத்துக்கொண்டுதான் லாரி ஏறினேன்.

நேராக மலைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சித்தூர் வெல்ல மண்டியில் இரண்டு மாதம் மூட்டை தூக்கினேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சாமியை நேரில் பார்க்க எனக்குச் சந்தேகமாக இருந்தது. முடிக்காகக் குழந்தையை எடுத்துக்கொள்கிறவர் என்றால் அவரிடம் எனக்கு என்ன வேலை? இல்லை, அவர் அப்படிச் செய்யவில்லை என்றால், மாமியார் சொன்னது பொய் என்றால், அப்போது ஏன் போனார்கள்? இரண்டில் எது நிஜமானாலும் எனக்குத் தாங்காது. உடம்பு முழுக்க வெல்லப் பிசுக்கும் எறும்புமாக மண்டியில் படுத்திருப்பேன். முடிச்சை எறும்பு தொடாமல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். கூட இருந்தவர்கள் அதில் நகை இருக்கிறது என்று நினைத்தார்கள். அவர்கள் அப்படி நினைக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். ஆகவே ஒருநாள் விடிந்ததும் முடிச்சை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன்.

மலைமேல் முடி எடுக்கும் கூடத்தில் ஈரத் தரை முழுக்க முடி. கத்திச் சத்தமும் கோவிந்தா சத்தமும் குழந்தைகளின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. எனக்கு வாய்த்தவர் முனுசாமி. நகரிப் பக்கத்துத் தமிழர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கத்தியைத் தீட்டிக்கொண்டே, "உக்காரு நைனா" என்றார். அங்கே அப்பாவையும் நைனா என்பார்கள், முகம் தெரியாதவனையும் பிரியமாக நைனா என்பார்கள். அது தெரியாமல், இவனுக்கு அப்பனாக நான் என்ன செய்தேன் என்று முறைத்தேன். முடிச்சை அவிழ்த்து முன்னால் வைத்தேன்.

"இது இன்னா?"

"எம் புள்ள முடி. காணிக்கை."

"கொழந்த எங்க கீது? இட்டுக்கினு வா."

"இல்ல."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். முடியைப் பார்த்தார். தொடவில்லை. "நைனா, இத நான் வாங்க முடியாது. உயிரோட கீற தலையிலேர்ந்து நான் எடுத்தா தான் காணிக்கை. இத வூட்டுக்கு எடுத்துக்கினு போ."

எனக்குக் கோபம் வந்தது. முடி குட்டை, ஏலத்தில் விலை போகாது, அதனால்தான் வேண்டாம் என்கிறான் என்று தோன்றியது. நீள முடியாக இருந்தால் வாங்கியிருப்பாய் இல்லையா என்று கேட்டே விட்டேன். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள். முனுசாமி என்னை வைதிருக்கலாம். "உன் தலையில ஒரு வெரலு வளந்து கீது. அத குடு" என்று மட்டும் சொல்லித் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். கத்தி ஓடும்போது நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வேண்டுதலைத் தள்ளிப்போட்டால் சாமி எடுத்துக்கொள்ளுமா?

"நான் தெனமும் எத்தினி தலைய பாக்குறேன் தெரியுமா? சொன்ன தேதிக்கு வந்தவன் வூட்லயும் சாவு கீது. வராதவன் வூட்லயும் கீது. சாமி இன்னா நெனைக்குதுன்னு கத்தி புடிக்கிறவன் கிட்ட கேட்டா எப்டி?"

நான் நம்பவில்லை. இடத்தைக் காலி செய்யவைக்கும் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் ஊருக்கும் திரும்ப முடியவில்லை. செல்லம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை இங்கே வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு எந்த முகத்தோடு திரும்புவது? முனுசாமியின் மைத்துனர் நகரியில் தறி வைத்திருந்தார். அவரிடம் துண்டுகளை வாங்கி, தோளில் அடுக்கிக்கொண்டு, முடி எடுக்கும் கூடத்துக்கு வெளியே விற்கத் தொடங்கினேன். புதிதாக மொட்டை அடித்த தலைக்கு வெயில் சுடும். துண்டு போகும். ஒவ்வொரு வருஷமும் வள்ளி போன நாளில் மொட்டைக்கு முனுசாமியிடம் உட்காருவேன். முடிச்சு இடுப்பில் இருக்கும். "இன்னுமா வச்சிக்கினு கீற?" என்பார். தலையைக் குனிந்து கொடுப்பேன்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று. ஒரு சித்திரை மாதத்துப் பகலில், துண்டு விற்றுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. நாலு வயதிருக்கும். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. சந்தனம் பூசிய இன்னொரு மொட்டைத் தலையன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். அவள் தரையில் காலை ஊன்றி, "நீ இல்ல! எங்க நைனா வேணும்! எங்க நைனா வேணும்!" என்று கத்துகிறாள். எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. துண்டுகளைக் கீழே போட்டேன். குழந்தையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கொழந்தைய குடுய்யா, எம் பொண்ணுய்யா அது" என்றான் அவன்.

"ஒன் பொண்ணு ஒன்னை ஏன் இல்லைங்குது? எந்த ஊரு?"

"புத்தலப்பட்டு. கண்ணு, மங்கா, நான் நைனாடீ. பாருடீ."

குழந்தை அவனைப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்கிக்கொண்டது. கூட்டம் சேர்ந்தது. பேரை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அது சாட்சி இல்லை என்றேன். "அம்மா எங்கே? அம்மாவைக் கூப்பிடு" என்றேன். அவன் குழந்தையை வாங்க மறுபடியும் கையை நீட்டினான். சரி, திருடன்தான். யாரோ போலீஸ் என்றார்கள். யாரோ அவன் தோளில் கை வைத்தார்கள்.

"அவ இல்ல" என்றான். "ஆறு மாசம் ஆவுது. இது அவ வேண்டினது. கொழந்தைக்கு எடுக்குற வரைக்கும் எம் மடியில தான்யா உக்காந்துகினு இருந்துச்சி. அப்பறம் என் தலைய எடுத்தாங்க. திரும்பிப் பாத்துட்டு அப்ப புடிச்சி அழுவுது."

குழந்தையின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. நான் கொடுக்கவில்லை. நம்பினால் என்ன ஆகும், நம்பாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் பார்த்தேன். தவறாகக் கொடுத்துவிட்டால், ஒரு குழந்தை என் கையிலிருந்து இரண்டாம் தடவை போகும். அப்போது உப்பளம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே வெயில் கீழிருந்தும் அடிக்கும். விடிந்தது முதல் தலையில் துண்டு கட்டியிருப்பேன். இடது காது மேல் முனை தொங்கும். வீட்டுக்குள் நுழையும்போதே வள்ளி அந்த முனையைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள் குளித்துவிட்டு வெறும் தலையோடு வந்தபோது அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"காட்டு வேலைக்குப் போறப்ப தலைல என்ன கட்டுவே?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? துண்டு தான்."

கீழே கிடந்த துண்டில் ஒன்றைக் காலால் அவன் பக்கம் தள்ளினேன். "கட்டு. எப்படிக் கட்டுவியோ அப்படியே."

அவன் துண்டை எடுத்து உதறினான். தலையில் வைத்ததும் கைகள் தாமாக வேலை செய்தன. இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, நெற்றிக்கு மேலே ஒரு செருகல். குழந்தையின் அழுகை நின்றது. விக்கிக்கொண்டே பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். "நைனா, எங்க போய்ட்ட?" என்றாள். கூட்டத்தில் சிரிப்பு. "ஏம்பா துண்டுக்காரரே, நல்லா யாவாரம் பண்ற" என்றார் ஒருவர்.

அவளைக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று இரண்டு கேள்வி கேட்டேன். என் புத்தி அப்படி. அவன் துண்டுக்குக் காசு கொடுக்கப் பார்த்தான், வாங்கவில்லை. "வேண்டிக்கிட்டு எத்தனை வருஷம்?" என்றேன்.

"பொறந்தப்பவே. நான் தான் அடுத்த வருசம் அடுத்த வருசம்னு தள்ளிக்கினே இருந்தேன்" என்றான்.

அவனும் தள்ளிப்போட்டவன். அவன் குழந்தை தோளில் உட்கார்ந்து துண்டைப் பிசைந்துகொண்டிருக்கிறது. அவன் மனைவி இல்லை. நானும் தள்ளிப்போட்டேன், எனக்கு இரண்டு பேரும் இல்லை. அந்த இடத்திலேயே நின்று எப்படியெப்படியோ கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமியாரின் கேள்வி எந்தப் பக்கமும் பொருந்தவில்லை. முனுசாமி ஆறு வருஷத்துக்கு முன் சொன்னதை அன்றைக்குத்தான் பாதியாவது நம்பினேன். மீதிப் பாதியை இன்னும் நம்பவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மலைமேல் ஒரு வேலை இருக்கிறது. யாரும் கொடுத்ததில்லை, சம்பளமும் இல்லை. கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும் தகப்பன்களிடம் போய், தமிழில் ஒரு தடவையும் எனக்கு வந்த தெலுங்கில் ஒரு தடவையும் சொல்வேன். உங்கள் தலையை எடுக்கும்போது குழந்தை பார்க்கட்டும். முதுகைக் காட்டி உட்காராதீர்கள். எடுத்ததும் வீட்டில் கட்டுகிற மாதிரி ஒரு துண்டைக் கட்டுங்கள், பிறகு மெல்ல அவிழ்த்துக் காட்டுங்கள். பாதிப் பேர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். துண்டு விற்க இவன் கண்டுபிடித்த வழி என்பது அவர்கள் கண்ணில் தெரியும். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆகவே வருத்தமில்லை. சாமியோடு எனக்குப் பெரிய பேச்சு இன்னும் இல்லை. அவர் வாசலில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

போன வருஷம் முடிச்சை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வள்ளியின் பக்கத்திலேயே அதைப் புதைத்துவிடலாம் என்று. மாமியார் இப்போது இல்லை. புதைத்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எது யாருடைய மேடு என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் என் மொட்டைத் தலையைப் பார்த்த ஒரு அம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "யாரு தம்பி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். யாரும் இல்லை, இது மலையில் எடுத்தது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சொல்லும்போது எனக்கே அது முழு உண்மையாகப் படவில்லை. முடிச்சோடு திரும்பிவிட்டேன். இப்போது அது துண்டுக் கட்டுக்கு அடியில் இருக்கிறது.

இனி ஊருக்குப் போனால், யாரு என்று ஒருவரும் கேட்காதபடி, வேலூர் வரும்போதே தலைக்குத் துண்டு கட்டிக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். திரும்பும்போது சித்தூரில் அவிழ்த்துவிடுவேன். அங்கே டீக்கடைக்காரர் இன்னும் இருக்கிறார், கையைக் குவித்து நீட்டுவார், இப்போதெல்லாம் அவருக்காக ஒரு துளி பிரசாதம் வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கிற அந்த வழி முழுக்க, இடது காது மேல் துண்டின் முனையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.