களம் இல்லாத அறுவடை

என் மகள் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, என் அப்பா எனக்கு எழுதிவைத்த வயலில் நெல் போடப்போவதாகச் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. டெல்டாவில் இருக்கும் அந்த ஊரில் என் தம்பிதான் பஞ்சாயத்துத் தலைவர். "தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கறப்ப நீ எதுக்குக்கா கலங்குற?" என்றான். அதை நம்பித்தான் அவளை அனுப்பினேன்.

குறுவைக் கதிர் முற்றிக்கொண்டிருந்த சமயம், அவன் அபிராமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஊர்க்களம் விஷயமாக ஓர் அதிகாரியைப் பார்க்க வேண்டுமாம். அறுத்த நெல்லை ஊரே அந்தச் சிமெண்டுக் களத்தில்தான் காயவைக்கும். ஈரம் அதிகமிருந்தால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள்.

"கூரை போடப்போறியாடா?"

"பெரிசா ஒண்ணு வருதுக்கா, பாரேன்."

அவனுக்குச் சென்னையில் வழி தெரியாது. அரைநாள் விடுப்பு போட்டு நானே ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் அவனைப் பார்த்து, "இன்னாக்கா, தம்பி வேட்டி சட்டையெல்லாம் மினிஸ்டர் கணக்கா கீது, சீட்டு கீட்டு கேக்கப் போறாரா?" என்றார். மூவரும் சிரித்தோம். அலுவலக வாசலில் வெயிலில் காத்திருந்தேன். வெளியே வந்தவனுக்கு மயிலாப்பூரில் ரவா தோசை வாங்கிக் கொடுத்தேன். "உன்னாலதான்க்கா காரியம் முடிஞ்சுது" என்றான்.

அறுவடை நெருங்கும்போது மகள் போன் செய்தாள். "அம்மா, களத்த ஜேசிபி வச்சு இடிச்சுட்டாங்க. கடை கட்டி வாடகைக்கு விடப்போறாங்களாம்."

தம்பியைக் கூப்பிட்டேன். "பஞ்சாயத்துக்கு வருமானம் வேணாமா? ரேஷன்லதான் அரிசி சும்மா தராங்களே, யாரு பட்டினி கெடக்குறா? ஊர்ல எல்லாரும் ரோட்டுல காயப்போடட்டும், உன் பொண்ணும் போடட்டும்" என்றான். அந்த ரேஷன் அரிசி யார் வயலில் விளைகிறது என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் நெல்லைப் பரப்பினாள். விடாத மழை. தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டது. கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை பேசினாள். அழவில்லை.

"மாமாகிட்ட சண்டை போட்டேன். 'உங்கம்மாவுக்குத் தெரியாம எதுவும் நடக்கல, அதுதான் என்னை ஆபீசுக்கே கூட்டிட்டுப் போச்சு'ங்கறாரு."

"எனக்குத் தெரியாதுடி. கூரை போடறான்னு நெனச்சேன்."

லாரி இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள்.

"நான் தோத்துத் திரும்பி வந்துடணும்னுதானே நீ தினமும் கோயில்ல வேண்டிக்கிட்ட?"

தோற்க வேண்டும் என்று வேண்டியதில்லை. திரும்பி வர வேண்டும் என்று வேண்டியது உண்மை. அந்த வித்தியாசத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

இப்போது நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மறுபடியும் நட்டிருக்கிறாளாம், இந்தத் தடவை சம்பா. அதைக்கூடத் தம்பியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.