யாளியைப் பங்கு போட்ட மூன்று ஷிஃப்டுகள்

மணிமொழியிடம் போய், "நல்லதா ஒரு நாவல் சொல்லுங்க" என்று கேட்டால் உடனே சொல்லிவிட மாட்டாள். முதலில் விசாரணை நடக்கும். படுத்தால் தூக்கம் வருகிறதா? கடைசியாக எப்போது விழுந்து விழுந்து சிரித்தீர்கள்? சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா? ஏன்தான் கேட்டோமோ என்று எதிராளி நெளியத் தொடங்கும்போது, மருந்துச்சீட்டு எழுதுகிற டாக்டரைப்போல் ஒரு பெயரைச் சொல்வாள். அது கட்டாயம் நடக்காத கதையாக இருக்கும். வேற்றுக்கிரகம், பறக்கும் பாம்பு, பேசும் மலை, காலத்துக்குள் பின்னோக்கி ஓடும் ரயில். மாமியார்-மருமகள் கதையெல்லாம் அவள் மருந்துக்கடையில் கிடையாது.

எதிர்வீட்டு சந்திராவின் கணவர் ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கியபோது சந்திரா சாப்பாடு இறங்காமல் இருந்தாள். மணிமொழி அவளுக்குக் கொடுத்தது, ஒரு ராட்சத ஆமையின் முதுகில் ஊர் கட்டி வாழும் ஜனங்களின் கதை. ஆமை நகர நகர வாசலுக்கு எதிரே புதுப்புதுக் கடல் வரும். சந்திரா அதைப் படித்து முடித்துவிட்டு மூக்கைச் சிந்தியபடியே பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். மணிமொழிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலை என்னவோ சுரங்கத்தில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எந்த ஷிஃப்ட், யாருக்கு எப்போது ஓய்வு, யாருக்கு யார் ரிலீவர் என்று ஆட்களை அடுக்கிக் கொடுப்பது அவள் பொறுப்பு. வந்தவர் கையில் மண் வெட்டும் மிஷினை ஒப்படைக்காமல் இருப்பவர் இறங்க முடியாது என்பதால், ரிலீவர் வரிசை ஒரு இடத்தில் பிசகினாலும் அன்றைக்கு டைம் ஆபீஸ் வாசலில் சந்தைதான். மணிமொழி பிசகியதே இல்லை. அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

"நடக்காத கதையை எதுக்கு இப்படி மாஞ்சு மாஞ்சு படிக்கிற?" என்பார் அவள் கணவர் குமரவேல். கணக்கு வாத்தியார். எந்த நாவலிலும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டும் முன் குறட்டை விட்டுவிடுவார்.

"நடக்குறதத்தான் தினம் பாத்துக்கினு இருக்கமே. அதையே படிக்கவும் வேணுமா?" என்பாள் மணிமொழி.

குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இருந்த மனமகிழ் மன்ற நூலகத்தில் இந்த நாவல்களுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதைப் பெறுவதற்குள் அவளுக்குப் பாதி ஆயுள் போயிற்று. கமிட்டி மாறும்போதெல்லாம் மனு போட்டு, கெஞ்சி, சண்டை போட்டு, தன் வீட்டுப் புத்தகங்களையே முதலில் கொண்டுவந்து நிரப்பி உண்டாக்கிய அலமாரி அது. அதற்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்தது.

மன்றத்தின் புதுச் செயலாளர் கொளஞ்சிநாதன், ஸ்டோர்ஸில் வேலை, எப்போதும் வெள்ளைச் சட்டை. கையில் எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார், அது வேண்டாத காரியமாக இருந்தாலும். வாலிபால் அணி வரிசையாகக் கோப்பைகளை ஜெயித்துக்கொண்டு வந்துவிட்டது. வைக்க இடமில்லை. அவர் கண் கண்ணாடி அலமாரிமேல் விழுந்தது.

"யாரும்மா எடுக்கறாங்க இந்தப் பூதம் பிசாசெல்லாம்? தூசி தட்டக்கூட ஆள் இல்ல. சின்னப் புள்ளைங்க சமாச்சாரத்த வெச்சிக்கினு எடத்த அடைக்கலாமா? விஜயதசமி அன்னிக்குக் கூட்டம். பெரியவங்க நாலு பேரு எழுந்து, நாங்க படிக்கிறோம்னு சொல்லட்டும், வெச்சிடறேன். இல்லன்னா கப்புக்கு எடம் வுடுங்க."

மணிமொழிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அலமாரி போவது ஒரு பக்கம். அதைவிட, இத்தனை வருஷமாக ஊர் தன் முதுகுக்குப் பின்னால் சொல்லிவந்ததைக் கமிட்டியே தீர்மானமாக எழுதிவிடும் என்பதுதான் சுட்டது. வளர்ந்த பொம்பளை, வயசுக்கேற்ற புத்தி இல்லை என்று. அன்று முழுக்க அவள் யாருக்கும் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

மறுநாள் தெம்பு வந்துவிட்டது. அவளிடம் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. 'மேலேறும் ஆறு', மூன்று பாகம், ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கிற பருமன். வானத்தை நோக்கி மேலே ஏறிப் பாயும் ஒரு ஆறு, அதில் ஓடம் விடும் ஆதிரை என்ற பெண், அவளோடு வளரும் ஒரு யாளி. இதைத் தொட்டவர் விட்டதில்லை. ஆனால் விஜயதசமிக்குள் மூன்று பாகத்தையும் ஆட்கள் படித்தாக வேண்டுமே! மணிமொழி ரோஸ்டர் போடுகிறவளாகவே யோசித்தாள். எந்த மிஷினும் சும்மா நிற்கக்கூடாது, எந்த ஆளும் சும்மா இருக்கக்கூடாது. எனவே மூன்று ஷிஃப்ட் கேங்கிலும் ஒவ்வொரு மிஷின் ஆப்பரேட்டரைப் பிடித்தாள். வடக்குத்து ஊர்க்காரர் சின்னதுரைக்கு முதல் பாகம். அவருக்கு ரிலீவராக வரும் இசக்கிமுத்துவுக்கு இரண்டாம் பாகம். அவருக்கு ரிலீவரான பழனிவேலுக்கு மூன்றாம் பாகம். பழனிவேலை இறக்கிவிட வருவது மறுபடி சின்னதுரை. வாரம் மாறினாலும் இந்தச் சுற்று மாறாது.

"படிச்சு முடிச்சதும் டார்ச் லைட்டோட சேத்து ரிலீவர் கையில குடுத்துடுங்கண்ணே," என்றாள். "பஸ்லயும் ரெஸ்ட் ஷெட்லயும் மட்டும்தான் படிக்கணும். மிஷின்ல ஏறினா புத்தகம் பைக்குள்ள."

எல்லாம் சரி. ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. ஊருக்கே ரிலீவர் போடுகிறவள், புத்தகத்துக்கு ரிலீவர் போட்டதில் கோட்டைவிட்டாள். சில வாரம் கழித்து சின்னதுரை டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். நான் படிச்சப்ப அந்தப் பொண்ணு ஆதிரைக்குப் பதினெட்டு வயசு. இப்ப பழனிவேல் குடுத்த புக்குல தல நரைச்சுப்போய் உக்காந்துக்கினு கீது. நடுவுல என்னதான் ஆச்சு?"

மணிமொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆட்கள் எந்தத் திசையில் மாறுகிறார்களோ அதே திசையில்தானே புத்தகமும் போகும்! சின்னதுரைக்கு ஒன்றுக்கு அடுத்து மூன்று. இசக்கிமுத்துவுக்கு இரண்டுக்கு அடுத்து ஒன்று. பழனிவேலோ கதையைக் கடைசியிலிருந்து பின்னுக்கு உழுதுகொண்டிருக்கிறார். மூன்று பேரில் ஒருவர்கூட வரிசையாகப் படிக்கவில்லை. போச்சு, அலமாரி போச்சு!

"எல்லாத்தையும் திருப்பிக் குடுங்கண்ணே, முதல்லேர்ந்து ஒழுங்கா ஆரம்பிப்போம்," என்றாள்.

சின்னதுரை புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "அதெல்லாம் முடியாது மேடம். பழனிவேல் வந்தாக்கா அந்தாள்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டி கீது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே கிளம்பியது யாளி. முதல் பாகத்தில் முட்டையிலிருந்து வெளியே வந்து, ஆதிரையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த குட்டி யாளியைச் சின்னதுரைக்குத் தன் வீட்டுக் கன்றுக்குட்டி மாதிரி பிடித்துப்போயிருந்தது. இரண்டாம் பாகத்தில் அதே யாளி நட்டாற்றில் ஆதிரையின் ஓடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடும். அதை முதலில் படித்த இசக்கிமுத்துவுக்கு அது பச்சைத் துரோகி. கடைசிப் பாகத்திலிருந்து தொடங்கிய பழனிவேலோ, கிழட்டு யாளி ஆற்றைத் தன் உடம்பால் அடைத்து ஊரைக் காப்பாற்றிச் செத்துப்போனதைப் பார்த்து, ரெஸ்ட் ஷெட்டில் துண்டால் கண்ணைத் துடைத்தவர். வரிசையாகப் படித்திருந்தால் மூவரும் ஒரே மாதிரி தலையாட்டியிருப்பார்கள். இப்போது ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் மிஷின் அடியில் பஞ்சாயத்து.

"நம்ப வெச்சுக் கழுத்தறுத்த நாயி அது," என்பார் இசக்கிமுத்து. அவர் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வேலைக்கு வந்தவர். கோபம் வந்தால் மட்டும் மகன் வாயில் அந்த ஊர் எட்டிப்பார்க்கும். "இதுக்குப் போயி அழுதாராம்லா!"

"வார்த்தைய அளந்து பேசுங்க. செத்துப்போன ஜீவன்," என்பார் பழனிவேல்.

சண்டை மிஷினிலிருந்து ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஏறியது. பஸ்ஸில் இருந்தவர்கள் கட்சி பிரிந்தார்கள். படிக்காதவர்களும் கட்சி கட்டினார்கள், நம்மூரில் அதற்குத் தடையா என்ன? பிறகு வாதத்தில் தோற்றவர்கள், ஆதாரம் வேண்டும் என்று மன்றத்துக்குப் போய் அலமாரியைத் திறந்தார்கள். அங்கே 'மேலேறும் ஆறு' இல்லாததால், பக்கத்தில் இருந்ததை எடுத்துப் போனார்கள். போனவர்கள் இன்னொன்றுக்கு வந்தார்கள். மணிமொழியின் ஜன்னலில் லீவு கேட்க வந்தவன்கூட, "மேடம், எனக்குத் தூக்கம் நல்லா வருது, சம்பந்தி இல்ல, ஒரு புக்கு சொல்லுங்க" என்று ஒப்பிக்கத் தொடங்கினான்.

இத்தனைக்கும் நடுவே, அதே பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கிய கொளஞ்சிநாதன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி வருவார். காது மட்டும் உள்பக்கம் இருக்கும்.

ஆயுதபூஜை வந்தது. சின்னதுரை இன்னும் இரண்டாம் பாகத்தைப் பார்க்கவில்லை. பழனிவேலுக்கு முதல் பாகம் பாக்கி, இசக்கிமுத்துவுக்கு மூன்றாம் பாகம் பாக்கி. புத்தகம் யார் வீட்டில் இருப்பது என்று தகராறு வந்தது. மணிமொழி தீர்ப்புச் சொன்னாள். "யார் வூட்டுக்கும் வேணாம். மூணும் டைம் ஆபீஸ் பூஜைல இருக்கட்டும். சரஸ்வதிகிட்ட வெச்சத இன்னிக்கு எவன் தொடுவான்? நாளைக்குக் காலைல ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்க."

ஸ்பேனர், டார்ச் லைட், வருகைப் பதிவு மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபின், மூன்று பாகங்களுக்கும் அவளே நான்கு மூலையிலும் சந்தனத்தைத் தாராளமாக அப்பினாள். பூசணிக்காய் உடைந்தது. பொரியும் சுண்டலும் விநியோகமாயின. விருந்தாளியாக வந்த கொளஞ்சிநாதனும் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிப் புத்தகங்களை எடுக்கப் போனால், ஒன்றும் மூன்றும் இருந்தன. இரண்டைக் காணோம்.

சின்னதுரைக்கு அழுகை வராத குறை. "சாமிகிட்ட வெச்சதப் போயி எட்த்துக்கினு போயிருக்கானே, அவன் வெளங்குவானா?" கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கையில் முழு நாவல்கூட இல்லாமல் அலமாரிக்காக எப்படிப் பேசுவது?

மன்றத்தில் நிற்க இடமில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்தவர்கள், செகண்ட் ஷிஃப்ட் போக வேண்டியவர்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்து போனபின்னும் இதற்கென்றே வந்த சந்திரா, அவளோடு பெண்கள் கூட்டம். வாலிபால் அணி கோப்பைகளைத் துணியில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றது. கொளஞ்சிநாதன் மைக்கைப் பிடித்தார். கண் சிவந்து, தூக்கமில்லாத முகம்.

"அலமாரி விஷயமா..." என்று தொண்டையைச் செருமினார். "படிக்கிறவங்க யாராச்சும் இருந்தா எழுந்து சொல்லலாம்."

இசக்கிமுத்துதான் முதலில் எழுந்தார். "அலமாரி இருக்கணும். நான் படிக்கேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்த யாளி துரோகிதான். அதுல மாத்தமில்ல."

"யாருய்யா துரோகி?" மைக் கீச்சென்று கத்தியது. கொளஞ்சிநாதனின் குரல் அதற்குமேல் கத்தியது. "ஆத்துக்கு மேல எதிரி வல விரிச்சுக்கினு காத்திருந்தான்ல? ஓடம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா அந்தப் பொண்ணு மாட்டியிருக்கும். அதப் பாத்துட்டுத்தான்யா யாளி ஓடத்தக் கவுத்துச்சு! வாய் தொறந்து சொல்லத் தெரியாத ஜீவன், வேற என்ன பண்ணும்? அந்தப் பாகத்துக் கடைசி அத்தியாயத்த ஒழுங்காப் படிச்சியா நீ?"

இசக்கிமுத்து வாயைப் பிளந்தபடி நின்றார். வலை! அந்த வரியை அவர் கவனிக்காமல் தாண்டிவிட்டிருந்தார். பழனிவேலும்தான். அந்த நாவலைக் கொடுத்த எல்லோரிடமும் மணிமொழி எதிர்பார்த்துக் காத்திருந்த பதில் அது. இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

சின்னதுரை மட்டும் வலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் கொளஞ்சிநாதனின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பைக்கு நேரே, கனமான ஒரு புத்தகத்தின் இரண்டு மூலைகள் சந்தனத்தில் அழகாகப் பதிந்திருந்தன.

"நேத்துப் போட்ட சட்டயக்கூட மாத்தாம வந்துட்டீங்களே, தலைவரே," என்றார் சின்னதுரை.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. கொளஞ்சிநாதன் சந்தனத்தைக் கையால் மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதைவிட எளிது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். "சுண்டல் வர்றவரைக்கும் சும்மாதான் பொரட்டினேன். கீழ வெக்க முடியலய்யா. பஸ்ல தினம் கேட்டுக்கினு, ஒரு கட்சியும் சேர முடியாம... சரஸ்வதி மன்னிக்கட்டும்." மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்து, கண்ணில் ஒற்றி, சின்னதுரையிடம் நீட்டினார்.

தீர்மானம் கைதட்டலிலேயே நிறைவேறியது. அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் இன்னொன்றும் வரும். கோப்பைகள் அலமாரிகளின் தலைமேல் ஏறும். "உயரத்துல இருந்தாத்தான் கப்புக்கு மரியாதை" என்று செயலாளரே சமாதானம் சொன்னார், வாலிபால் அணியும் ஒத்துக்கொண்டது.

கூட்டம் கலைந்தபின் கொளஞ்சிநாதன் தயங்கித் தயங்கி மணிமொழியிடம் வந்தார். மணிமொழி நிமிர்ந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த மன்றத்துக்குள் அவள் அப்படி நின்றதில்லை.

"எம்மா, அந்த மொதப் பாகமும் மூணாம் பாகமும்..."

"பழனிவேல் அண்ணனும் இசக்கிமுத்து அண்ணனும் வெச்சிருக்காங்க. வரிசைல நில்லுங்க," என்றாள் மணிமொழி. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அதுவரைக்கும் வேற ஒண்ணு சொல்றேன், உக்காருங்க. சொல்லுங்கண்ணே, ராத்திரி தூக்கம் நல்லா வருதா?"

"எங்கம்மா வருது!" என்றார் கொளஞ்சிநாதன்.