டிரிப்பு, ஷிப்பு, ரிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். செங்கல்பட்டில் என் எதிர் வீட்டுக்காரர் கேசவன். அவர் மகன் தினேஷ்தான் மாப்பிள்ளை. ஆறு மணி ரிசப்ஷனுக்கு நான் மதியமே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. கேசவன் போனில் கூப்பிட்டார்.

"சார், கொஞ்சம் சீக்கிரம் வாங்க. பொண்ணோட அப்பா மண்டப வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டாரு. பேனரைக் கழட்டினாத்தான் பொண்ணை மேடைக்கு அனுப்புவாராம்."

பேனரா?

நம் பக்கத்துக் கல்யாணங்களில் பத்திரிகை அடிப்பது பெற்றவர்கள் வேலை. பேனர் அடிப்பது நண்பர்கள் உரிமை. நடுவில் ஜோடி. சுற்றிலும் கூலிங்கிளாஸ் போட்ட நண்பர்களின் தலைகள். கூடவே ஏதாவது நக்கல். வாசலில் கட்டி முடிக்கும்வரை மாப்பிள்ளைக்குக்கூடக் காட்டமாட்டார்கள்.

இந்த பேனரில் நக்கல் இங்கிலீஷில். மூன்று குட்டி வார்த்தைகள், பெரிய பெரிய எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. டிரிப். ஷிப். ரிப்.

பெண்ணின் அப்பா ஏகாம்பரம் அந்த ஊரில் நெல் மண்டி வைத்திருப்பவர். கையில் செல்போன். அதில் டிக்‌ஷனரி திறந்திருந்தது.

"வாங்க சார். பேப்பர்ல எழுதுறவராமே நீங்க. இதுக்கு அர்த்தம் சொல்லுங்க. டிரிப்புன்னா சொட்டுறதுன்னு போட்டுகீது. என் வயல்லயே டிரிப்பு போட்டுகீறேன், எனக்குத் தெரியாதா? மாப்ள எங்க சொட்டுறாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது.

"ஷிப்புன்னா கப்பல். போவட்டும். கடைசியா ஒண்ணு கீதே... அதுக்கு டிக்‌ஷனரியே வேணாம். ஆர், ஐ, பி. ஊர்ல எவன் செத்தாலும் போஸ்டர்ல அதான் போடுறானுங்க. கல்யாண வூட்டு வாசல்ல இன்னாத்துக்கு சார் அது?"

நியாயமான கேள்வி. ஜி.எஸ்.டி. ரோட்டில் கல்யாண பேனரையும் கண்ணீர் அஞ்சலி பேனரையும் அடிப்பது ஒரே ஃப்ளெக்ஸ் கடைதான்.

எழுதியவரைக் கூப்பிடச் சொன்னேன். இம்ரான் வந்தார். கோவளத்துக்காரர், கடலில் சர்ஃபிங் கற்றுக்கொடுப்பவர். தினேஷ் ஐ.டி. ஆபீஸ் லீவு நாட்களில் அலை மேல் நிற்கப் பழகியது அவரிடம்தான்.

"அங்கிள், தப்பா எதுவும் இல்ல. டிரிப்புன்னா, டிரெஸ்ஸு சும்மா அள்ளுதுன்னு அர்த்தம். ஷிப்புன்னா, இவங்க ரெண்டு பேரும் சேரணும்னு நாங்க ஆசைப்பட்ட ஜோடின்னு அர்த்தம்."

"ரிப்பு?"

"எங்க பீச்சுல அலைய கிழிச்சுகினு போறவனப் பார்த்து ரிப்பு பண்றான்டான்னு சொல்லுவோம். தினேஷு சூப்பரா போவான் அங்கிள்."

"கடல்ல கிழிக்கிறத மண்டபத்துல ஏன்பா கட்டுற?"

நானும் என் பங்குக்கு டிக்‌ஷனரியைப் புரட்டினேன். டிரிப் என்ற சொல்லுக்குப் பழைய ஸ்லாங்கில் சோப்ளாங்கி என்று பொருளாம். ஏகாம்பரத்திடம் அதைச் சொல்லவில்லை. சின்ன வார்த்தைகள் வாடகை வீடு மாதிரி — புதுசாக யார் வந்தாலும் குடி வைத்துக்கொள்ளும். பழைய ஆளின் பெயர்ப் பலகை மட்டும் வாசலில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இம்ரான் வாதாடவில்லை. மேடை அலங்காரத்திலிருந்து ஒரு சாமந்திச் சரத்தை எடுத்து வந்து, ஸ்டூல் மேல் ஏறி, ரிப் தெரியாதபடி கட்டினார்.

"போதுமா அங்கிள்?"

ஏகாம்பரம் அசையவில்லை. மணப்பெண் சங்கீதா மேக்கப் அறையிலிருந்து ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். "புடவை கட்டவா, வேணாமான்னு அக்கா கேக்குது."

அப்போதுதான் கவனித்தேன். ஏகாம்பரத்தின் கண் வார்த்தைகள் மேல் இல்லை. ஓரத்துத் தலைகள் மேல் இருந்தது.

"அது யாரு தம்பி, மேல?"

"ஆபீஸ் செக்யூரிட்டி அண்ணன்."

"பக்கத்துல?"

"டீக்கடைக்காரரு."

"கீழ?"

"தினேஷு வளக்குற நாயி அங்கிள். சீசர்."

"நாயி கீது." செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். "பொண்ணப் பெத்தவன் ஒருத்தன் கீறான். அவன எந்த ஓரத்துல போட்டீங்க?"

பத்திரிகை ஆபீஸில் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். 'செய்தியில் ஒரு வார்த்தை தப்பு' என்று ஆவேசமாக வருவார்கள். உட்கார வைத்து டீ கொடுத்தால், பாதி டம்ளரில் விஷயம் வெளியே வரும் — விழாப் படத்தில் அவர் விட்டுப்போயிருப்பார். என்னை ஏன் விட்டாய் என்று நேராகக் கேட்க யாருக்குத்தான் வாய் வரும்? வார்த்தை பாவம்... திருப்பிப் பேசாது.

இம்ரானுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மாமா, உங்க போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்ல தள்ளுங்க. அத்தையோடதும். மதுராந்தகத்துல ஃப்ளெக்ஸ் கடை தொறந்துதான் கீது."

அங்கிள் மாமாவாகிவிட்டதைக் கவனித்தீர்களா?

"எனக்கு இன்னாத்துக்குப்பா..." என்று இழுத்தபடியே ஏகாம்பரம் போனை எடுத்தார். தேடவே இல்லை. டிராக்டரில் கை வைத்து நிற்கிற படம், தயாராக இருந்தது.

புது பேனர் ஆறு மணிக்குச் சற்று முன்னால் வந்து இறங்கியது. ரிப் போயிருந்தது. அந்த இடத்தில் டிராக்டரோடு மாமனார், பக்கத்தில் மாமியார். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரிலேயே கூலிங்கிளாஸ் வேறு மாட்டியிருந்தார்கள்.

பயந்துபோய் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கி ஓரமாகப் போட்டார்.

"பொண்ண ரெடியாவச் சொல்லுங்கப்பா."

சங்கீதா மேடை ஏறியபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஏகாம்பரம் மட்டும் இன்னும் வாசலில் இருந்தார். வருகிறவர்களை நிறுத்தி, பேனரைக் காட்டி, "டிரிப்புன்னா இன்னான்னு நெனச்ச? டிரெஸ்ஸு அள்ளுதுன்னு அர்த்தம்" என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கேசவன் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றார். மாப்பிள்ளையின் அப்பா. பேனரை மேலிருந்து கீழாக, ஓரம் ஓரமாகப் பார்த்தார். அதில் அவர் படமும் இல்லை.

"எல்லாம் சரி சார்... அந்த ஷிப்புங்கிற வார்த்தைதான் கொஞ்சம் இடிக்குது."

நான் டிக்‌ஷனரியைத் திறக்கவில்லை. இம்ரானைத் தேடிப் போனேன்.