பஞ்சலிங்க அருவியோரம் ஒரு டப்பாவும் ஒரு சிவப்புத் துணியும்

எவர்சில்வர் டப்பாவா, பிளாஸ்டிக் டப்பாவா என்று முடிவு செய்ய நாற்பது நிமிடங்கள் ஆயின. 2006 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, திருப்பூர் வேலம்பாளையத்தில் என் நண்பர் அருள்ராஜின் வாடகை வீட்டுச் சமையலறையில் இந்த ஆலோசனை நடந்தது. மறுநாள் மலைக்குக் கொண்டுபோக வேண்டிய புளிச்சோறு ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது. எடை, கசிவு, மூடியின் இறுக்கம் எல்லாம் விரிவாக அலசப்பட்டன. அருள்ராஜின் மனைவி ஜெசிந்தா சொந்த ஊரான சாத்தான்குளத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால், கருத்துச் சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் அங்கே இல்லை. எவர்சில்வர் வென்றது. ஜெசிந்தா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த டப்பா, மூடியில் ‘பெ. ஜெசிந்தா’ என்று பெயர் வெட்டியிருந்தது.

பயணத்துக்கான காரணம் இதைவிடச் சின்னது, உள்ளங்கை அளவு சிவப்புத் துணி. நாங்கள் இருவரும் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒரு நிறத்தை ஒத்துக்கொண்டால், அந்த நிறத் துணியை அட்டையில் ஒட்டிப் பின்னால் கையெழுத்துப் போட்டுத் தருவார். பிறகு எத்தனை ஆயிரம் கிலோ சாயம் போட்டாலும் அந்த அட்டைதான் சாட்சி. ஜூலையில் வந்த டென்மார்க்கு அதிகாரிக்கு ஜியோகேச்சிங் பைத்தியம். உலகமெங்கும் ஆட்கள் சின்னப் பெட்டிகளை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுகிறார்கள். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு போய்த் தேடி, நோட்டில் பெயர் எழுதி, உள்ளிருந்து ஒன்றை எடுத்து, அதற்குச் சமமான அல்லது மேலான ஒன்றை வைத்துவிட்டு வருகிறார்கள். டென்மார்க்குக்காரர் திருமூர்த்தி மலையில் ஒரு பெட்டி வைத்தார். கூடப் போன அருள்ராஜையும் ஏதாவது போடச் சொன்னார். திருப்பூர்க்காரன் சட்டைப்பையில் வேறென்ன இருக்கும்? உபரி என்று நினைத்து ஒரு சிவப்பு அட்டையைப் போட்டார்.

உபரி அட்டை ஃபைலில் பத்திரமாக இருப்பது நவம்பரில்தான் தெரிந்தது. மலையில் இருப்பது கையெழுத்துப் போட்டது. டென்மார்க்குக்காரர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர், மூவாயிரம் கிலோ துணியைப் பார்த்துவிட்டு, இது அந்தச் சிவப்பில்லை என்றார். எங்கள் மேனேஜர் கொங்கு மரியாதை குறையாமல் சொன்னார்: “புதன்கிழமைக்குள்ள கார்டு டேபிளுக்கு வந்துரோணுங்க, அருள். வரலீன்னா நீங்களும் வர வேண்டாங்க.”

ஞாயிறு காலை 5.40க்கு வேலம்பாளையத்தில் டவுன் பஸ், டிக்கெட் மூன்று ரூபாய். திருப்பூரிலிருந்து பல்லடம் 15 கிலோமீட்டர், ஐந்து ரூபாய். அங்கே 6.40க்கு உடுமலை பஸ், பதினான்கு ரூபாய். பல்லடத்தில் தனியார் பஸ்கள் நம்மைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொள்ளும். நாம் போகிற ஊருக்குத்தானா என்பதை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்குக்காரர் அன்பளிப்பாக விட்டுப்போன கருவியை அருள்ராஜ் மடியில் வைத்து இயக்கினார்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “அதென்னங்க, செல்லுங்களா?”

“நாம எங்க இருக்கோம்னு சொல்லும், அண்ணே.”

“அதுக்குத்தானுங்களே நான் இருக்கறேன். குடிமங்கலம் தாண்டியாச்சுங்க.”

கருவி அதையே இரண்டு நிமிடம் கழித்துச் சொன்னது.

உடுமலையிலிருந்து திருமூர்த்தி மலை 20 கிலோமீட்டர், ஏழு ரூபாய். இறங்கும்போது மணி 9.05. அடிவாரக் கோயிலின் முன் அருள்ராஜ் செருப்பைக் கழற்றிக் கைகூப்பினார். ஞாயிறு ஆராதனைக்குப் போகாதவர் இங்கே கும்பிடுகிறாரே என்று பார்த்தேன். “அங்க நேத்தே சொல்லிட்டேன் அண்ணாச்சி. இங்கயும் ஒரு வார்த்தை சொல்லி வைப்போம்” என்றார்.

கோயிலிலிருந்து அருவிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். படிகளும் பாறைகளுமாக, ஓடையை ஒட்டியே ஏறுகிறது பாதை. இருபுறமும் மலை செங்குத்தாக நெருங்கி வர, மரங்கள் மேலே கைகோத்துக்கொள்கின்றன. சின்னச் சின்ன அருவிகளாக விழுந்து விழுந்து இறங்குகிறது தண்ணீர். சாயம் எதுவும் கலக்காத ஓடை எப்படி இருக்கும் என்று எங்களூர்க்காரர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம். அதன் நிறம், நிறமில்லாமல் இருப்பது.

வானம் குறுகிய இடத்தில் செயற்கைக்கோள்கள் கருவிக்கு எட்டுவதில்லை. அம்பு முதலில் மேலே காட்டியது, பிறகு கீழே, பிறகு ஓடைக்கு அக்கரையில் ஒரு செங்குத்துப் பாறையைக் காட்டி நின்றுவிட்டது.

“உமக்கு இடம் ஞாபகம் இல்லையா?”

“அட்டைப்பூச்சி கடிக்கும்னு சொன்னாவ. அன்னைக்கு என் காலைத் தவிர வேற எதையும் நான் பாக்கல அண்ணாச்சி.”

பதினொன்றரை வரை இருபது பாறைகளுக்கு அடியில் கைவிட்டோம். அருள்ராஜ், வீட்டைக் காலி செய்தால் சாத்தான்குளத்துக்கு எந்த லாரியில் சாமான் ஏற்றலாம் என்று கேட்டார். நான் அடுத்த பாறைக்கடியில் கைவிட்டேன்.

அப்போது பாதையோரம் மாங்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் குரல் கொடுத்தார். பெயர் சரசக்கா என்று பிறகு தெரிந்தது. “ஏனுங்க, வெள்ளைக்காரரோட வந்து டப்பா வெச்சது நீங்கதானுங்களே?”

“ஆமா தாயி! எங்க இருக்கு?”

“கொரங்கு மூணுவாட்டி தூக்கிட்டுப் போயிருச்சுங்க. முடுக்கி முடுக்கிப் புடுங்கியாந்தேன். இனி ஆவாதுன்னு நானே வெச்சுக்கிட்டனுங்க.” கூடைக்கடியில் இருந்த சாக்கை விலக்கி ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார். மூடியில் பாதியைக் குரங்கு தின்றிருந்தது.

“திறந்து பார்த்தீங்களா?” என்றேன்.

“அடுத்தவீங்க டப்பாவ எதுக்குங்க தெறக்கறது?” என்றார், சற்றுக் கோபமாகவே.

உள்ளே ஊறிப்போன நோட்டு, ஒரு டென்மார்க்கு நாணயம், சாவிக்கொத்து. அடியில், நாங்கள் பனியன் மடித்து அனுப்பும் பாலிதீன் பைக்குள் சிவப்பு அட்டை. சொட்டு ஈரமில்லை. அருள்ராஜ் அதைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தார். ஈரப்பாறையில் உட்கார்ந்து, அதை மறுபடி பாலிதீன் பையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஒன்றை எடுத்தால் சமமானதையோ மேலானதையோ வைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பைகளில் பஸ் டிக்கெட்டும் சீப்பும் இருந்தன. சரசக்கா எங்கள் சோற்று டப்பாவைப் பார்த்தார். “எவர்சில்வர்னா கொரங்கு கடிக்காதுங்க.”

மூவரும் புளிச்சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். அருள்ராஜ் டப்பாவை ஓடையில் கழுவித் துடைத்தார்.

“ஜெசிந்தா கேக்குமே?” என்றேன்.

“வேலை இருந்தாத்தான அண்ணாச்சி அவ கேக்க ஒரு வீடு இருக்கும்?”

சாமான்களை எவர்சில்வருக்கு மாற்றி, சரசக்கா காட்டிய பழைய இடத்திலேயே பாறைக்கடியில் செருகினோம். சரசக்கா பணம் வாங்கவில்லை. பத்து ரூபாய்க்கு நாங்கள் மாங்காய் வாங்குவதற்கு மட்டும் சம்மதித்தார். மிளகாய்ப்பொடி இலவசம்.

புதன்கிழமை புதிய அதிகாரி அட்டையைத் துணிமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு நிமிடம் பார்த்தார். அதே சிவப்பு. திறக்காமல் காப்பாற்றியவருக்கும், பாலிதீன் பைக்கும், குடிமங்கலத்தைச் சரியாகச் சொன்ன கண்டக்டருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஆளுக்கு ஐம்பத்தெட்டு ரூபாய் பஸ் செலவு, போக வர. மழைக்காலத்தில் வெள்ளம் வரும். மேலே விடுகிறார்களா என்று அடிவாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு அவசியம். சோற்றுப் பையைக் குரங்குகளுக்குக் காட்டாதீர்கள். கருவி குழம்பினால் சரசக்காவைக் கேளுங்கள்.

ஜனவரியில் பெங்களூரிலிருந்து இருவர் வந்து பெட்டியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவ்வளவு உறுதியான பெட்டியை வைத்ததற்காக பெ. ஜெசிந்தாவுக்கு இணையத்தில் நன்றி எழுதியிருக்கிறார்கள்.

ஜெசிந்தா ஊரிலிருந்து திரும்பிய நாள் முதல் அருள்ராஜ் மதியம் ஹோட்டலில் சாப்பிடுகிறார்.