தட்டின் சுற்றளவு

அம்மாவும் அவனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மைக்ரோவேவ் அடுப்புக்கு ஒரு மைக்கா தகடு வெட்டியது.

அடுப்பில் பொறி பறக்கிறது என்று அம்மாதான் அவனைக் கூப்பிட்டாள். "உள்ள யாரோ வெல்டிங் வைக்கிறாங்கடா. வந்து என்னன்னு கேளு."

அவன் மின் பொறியாளன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான். உள்சுவரில் இருந்த மைக்கா தகட்டில் எண்ணெய் தெறித்துக் கருகியிருந்தது. அதை மாற்றினால் போதும். புதுத் தகடு பெரிய அட்டையாகத்தான் கிடைத்தது. அம்மா பழையதை அதன்மேல் வைத்து, தையல் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரித்துக் கொடுத்தாள். தகடு பொருந்தவில்லை. நான்கு பக்கமும் விரலளவு கூடுதலாக இருந்தது.

"என்னம்மா இது, தையலுக்கு விட்டியா?"

"கை தானா விட்டுடுச்சுடா."

அவன் ஓரத்தை நறுக்கி மாட்டினான். வெளிக்கூட்டை மட்டும் அவளைத் தொட விடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், ஆளை அடித்துவிடும் என்றான்.

"அதான் பிடுங்கியாச்சே. இன்னும் யாருக்காக உக்காந்திருக்கு?"

ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பொறி இல்லை. தண்ணீர் சுட்டது.

தெருவில் அவளுக்கு டைலரம்மா என்று பெயர். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, கிழிந்த பேண்ட், எது வந்தாலும் தைப்பாள். ஆட்களைப் பெயரால் நினைவு வைக்கமாட்டாள், இடுப்பளவால்தான் வைப்பாள். "முப்பத்தெட்டு வந்திருந்தாரு. பாவம், நாப்பதாயிட்டாரு" என்பாள். மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது, சாப்பாடு ஆறிப்போகும். அதற்காகத்தான் அந்த அடுப்பை வாங்கினாள். கதவு சரியாகப் பிடிக்காவிட்டால் இடுப்பால் ஓர் இடி இடிப்பாள், ஓடத் தொடங்கும். கொக்கியில் படிந்த பிசுக்கைத் துடைத்தால் இடிக்கவே வேண்டாம் என்று அவன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.

தகடு மாற்றிய அடுத்த வாரம், அடுப்புக்குள் சுழலும் கண்ணாடித் தட்டைச் சுடச்சுட எடுத்து அம்மா குழாயடியில் காட்டினாள். தட்டு இரண்டாகப் போனது. துண்டுகளைச் சேர்த்து வைத்து அளந்து, உதிரிபாகக் கடையில் போய் அளவைச் சொன்னாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, இது தட்டா, லாரி டயரா?" என்றாராம். அவள் டேப்பை விளிம்பைச் சுற்றி ஓட்டி அளந்திருந்தாள்.

"வட்டம்னா சுத்தித்தானே அளப்பாங்க? இடுப்பக் குறுக்கால அளந்தா பேண்ட் தைக்க முடியுமா?" கடையிலிருந்தே அவனுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே விட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னான். கடைக்காரர் வரவழைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

தட்டு வருவதற்குள் அம்மா போய்விட்டாள். மிஷினில் உட்கார்ந்தபடியே. மாரடைப்பு என்றார்கள். வந்தவர்கள் போனார்கள். அவன் லீவை நீட்டித்துக்கொண்டு அப்பாவோடு தங்கினான்.

அப்பா எந்த வேளையும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. பிடித்துத் தைக்க ஆளில்லை. அந்த அடுப்புப் பொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று அக்கா போனில் சொன்னாள்.

"வேணாம்," என்றார் அப்பா. "உங்கம்மா தட்டுக்குச் சொல்லி வச்சிருக்கா."

இன்று மதியமும் சாப்பாட்டை அவரே சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வாய் போனது. கை நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, பிடிக்கலையா?"

"ஒரு பக்கம் கொதிக்குது. ஒரு பக்கம் ஜில்லுன்னு இருக்கு."

"தட்டு சுத்தினாதான்ப்பா எல்லாப் பக்கமும் சூடு ஏறும். அதுவரைக்கும் பாதியில நிறுத்திக் கிளறி விட்டு, மறுபடி வைக்கணும்."

"ம்."

அவர் கிளறவில்லை.

மேஜைமேல் இருந்த அம்மாவின் போன் அடித்தது. அவன் எடுத்தான். உதிரிபாகக் கடைக்காரர்.

"டைலரம்மா இல்லீங்களா?"

"மகன் பேசறேன்."

"தட்டு வந்துடுச்சு தம்பி. நானே வந்து சுத்தி அளந்து பாத்துதான் வாங்குவேன்னு சொல்லிட்டுப் போனாங்க. டேப்ப மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க." அவர் சிரித்தார்.

"சொல்றேன்," என்றான்.

மிஷினில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"எங்கடா?"

"தட்டு வாங்க."

அப்பா சாப்பாட்டை இன்னொரு தட்டால் மூடினார்.

"போயிட்டு வா. வந்ததும் சூடு பண்ணிக்கலாம்."