முறுக்குத் தளத்தில் விழுந்த பூட்டு

என் மனைவி தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வீட்டில் செய்து விற்கிறாள். அதற்கென்று ஓர் இணையத்தளம் உண்டு. அமைத்தவன் நான். தொடக்கப்பள்ளியோடு படிப்பை விட்டவன்; சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். சரக்கு ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியில் காணொளிகள் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆட்களிடம் பேசத்தான் எனக்குக் கூச்சம், கணினி பதில் பேசாது. "வெப்சைட் எல்லாம் இவர்தான்" என்று அவள் தோழிகளிடம் சொல்லும்போது நான் சமையலறைக்குள் போய்விடுவேன். காது மட்டும் கூடத்தில் இருக்கும்.

போன வருடம் எங்கள் செங்காங் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டோம். வந்தவர் திருச்சிக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர், கணினி நிறுவனத்தில் வேலை. நல்ல மனிதர். அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. "அக்கா, இந்த மாதிரி அதிரசம் நான் ஊர்லகூட சாப்பிட்டதில்ல" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதே அதிரசத்தைத் தின்கிற எனக்கு அப்படி ஒரு வாக்கியம் வாயில் வந்ததே இல்லை. அவள் முகம் மலர்ந்துபோகும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவர்தான் சொன்னார், "அக்கா, உங்க சைட்ல யார் வேணா புகுந்துடலாம். ஒரு செக்யூரிட்டி ப்ளகின் போடச் சொல்லுங்க." ப்ளகின் என்பது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருள். இதைப் போட்டால், கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் எண்ணையும் தட்டினால்தான் தளத்தை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போக முடியும். தளத்தைப் பார்த்துக்கொள்பவன் எதிரில் உட்கார்ந்திருக்க, அவளிடம் சொன்னார். இருந்தாலும் போட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிறு காலை அவள் மாவு கையோடு வந்தாள். "ஆர்டரை மூடிடுங்க. இதுக்கு மேல என் கை தாங்காது."

மடிக்கணினியைத் திறந்தேன். கடவுச்சொல்லைப் போட்டேன், எண் வந்தது, தட்டினேன். மறுபடி அதே பக்கம், முதலிலிருந்து. திரும்பத் திரும்ப அப்படியே. நடுவில் கைப்பேசி மணியடித்தது. புது ஆர்டர். வாங்குபவர்களுக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது, மூட வேண்டிய நான் வெளியே நிற்கிறேன். எடுத்த ஆர்டரை இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ராத்திரி பகலாக நின்று சுட்டே தீர்ப்பாள்.

ஆனால் எனக்குள்ளே ஒரு மூலையில் குளுகுளுவென்று இருந்தது.

"உன் தம்பி போடச் சொன்ன பூட்டுதான். நம்மளையே விட மாட்டேங்குது" என்றேன்.

"அப்ப தம்பியையே கேட்டுடுவோம் லா" என்று போனை எடுத்துவிட்டாள்.

"வேணாம், நானே பாக்கறேன்" என்பதற்குள் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்துவிட்டது. சுவா சூ காங்கில் நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போயிருந்தார்.

"ஆட்டத்தக் கெடுத்துட்டேனா தம்பி?"

"இல்லக்கா, முதல் பந்துலயே அவுட். அதான் உங்க போனை எடுக்க முடிஞ்சுது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இன்னொரு ஆர்டர் மணியடித்தது.

ப்ளகின் தானாகப் புதுப்பித்துக்கொண்டதில் கெட்டுப்போயிருக்கும் என்றார். தளத்துக்கு இடம் தரும் நிறுவனத்தின் பக்கத்தில் தனியாக நுழைந்தால் தளத்தின் கோப்புகள் தெரியும். அங்கே அந்த ப்ளகினின் கோப்புறைப் பெயரை மாற்றிவிட்டால் தளத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, பூட்டு செத்துவிடும். அவர் சொல்லச் சொல்ல அவள் எனக்குத் திருப்பிச் சொன்னாள், எனக்குக் காது கேட்காததுபோல. நான் தட்டினேன்.

"என்ன பேரு வைக்கட்டும்னு கேளு" என்றேன்.

"எதையாச்சும் வைங்கண்ணே, மனசுல வர்றதை."

மனசில் வந்ததை ஆங்கில எழுத்தில் தட்டினேன். திரும்பிப் போய்க் கடவுச்சொல்லைப் போட்டதும் நிர்வாகப் பக்கம் திறந்தது. ஆர்டரை மூடினேன். மணி ஓய்ந்தது.

"சூப்பர்ண்ணே! என்ன பேரு வச்சீங்க? பின்னாடி சரிபண்ணும்போது தேடணும்."

நான் திரையை மறைப்பதற்குள் அவள் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்துவிட்டாள். "போடா-ன்னு இருக்கு தம்பி."

"ப்ளகினைத்தானே சொன்னீங்க?" என்றார்.

"ஆமா, ஆமா" என்றேன். என் காது சூடாகிவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போனை வைத்ததும், "இனிமே இப்படி மாட்டிக்கக் கூடாது. தம்பியும் உள்ள போறமாதிரி ஒண்ணு பண்ணி வைங்க" என்றாள்.

அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். என்ன அதிகாரம் கொடுக்கலாம் என்று தளம் கேட்டது. மேலே இருப்பவர் எல்லாம் செய்யலாம், கீழே போகப் போகக் குறையும். நான் ஆகக் கீழே இருந்ததை அழுத்தினேன்.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்தவர் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "அண்ணே, உள்ள போய்ப் பாத்தேன். என் பேரை மாத்தறதைத் தவிர வேற எதுவும் பண்ண முடியல."

"அப்படியா? பாக்கறேன்" என்றேன்.

தீபாவளி முடிந்துவிட்டது. எப்போதாவது அவர் ஞாபகப்படுத்துவார். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். அவளும், "அதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். பார்க்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.