மெஹர் பானுவின் இடது கை

தென்காசித் தேரடியில் இலஞ்சி பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் மெஹர் பானு சும்மா நிற்கமாட்டாள். இடுப்பில் சுற்றியிருக்கும் கயிற்றை உருவி விளக்குக் கம்பத்தில் முடிச்சுப் போடுவாள், அவிழ்ப்பாள், கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் போடுவாள். "ஏ பிள்ள, பஸ்ஸையும் சேத்துக் கெட்டிராத" என்பார் கண்டக்டர். "கெட்டுனா ஒங்களால அவுக்க முடியாது அண்ணாச்சி, பாக்கியளா?" என்று கயிற்றோடு அவர் பக்கமே கிளம்பிவிடுவாள்.

ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் பள்ளிச் சாரணியர் படையில் இருபத்திரண்டு பேர். நான்தான் பொறுப்பு டீச்சர். பிரதம சோபான், துவிதீய சோபான் என்று சாரணியர் தேர்வுகளுக்கு வைத்திருக்கும் வாய்க்குள் நுழையாத பேர்களை எங்கள் பிள்ளைகள் முதல் படி, இரண்டாம் படி ஆக்கிவிட்டார்கள்.

இரண்டாம் படிக்கு இரண்டே தீக்குச்சியில் அடுப்பு மூட்ட வேண்டும். குற்றாலத்தில் முகாம். ஆனிச் சாரலில் விறகு, தரை, நாங்கள் எல்லாமே நனைந்து கிடந்தோம். மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரி அவளுக்கும் ஒரு சூடத்தை நீட்டினேன். தொடவே இல்லை. "சூடம் வச்சா பேட்ஜ சூடத்துக்குத்தான் குத்தணும் டீச்சர்." மூன்று நாள் தோற்றாள். நாலாம் நாள் தேங்காய் நாரைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்து மூட்டிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை, பெருமையும்தான்.

சாரணர்கள் இடது கையால்தான் கைகுலுக்குவார்கள். அதுதான் இதயத்துக்குப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். நம் ஊரில் அந்தக் கையை நீட்டினால் என்ன ஆகும் என்று சேர்த்துச் சொல்லவில்லை, என் தப்பு. சீருடை போட்டுவிட்டால் அவளுக்கு யாரானாலும் இடது கைதான். "பெரியவுகளுக்கெல்லாம் பீச்சாங்கைய நீட்டுதா டீச்சர்" என்று அவள் உம்மா அலிமா பள்ளிக்கே வந்து அழாத குறையாகச் சொன்னாள்.

போன வெள்ளிக்கிழமை மூன்றாம் படிக்கான பேட்ஜ் விழா. அது சட்டையில் ஏறினால்தான் அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஆளுநர் விருதுத் தேர்வுக்குப் போகலாம். கொடுக்க வந்தவர், பள்ளிக்குக் கட்டடம் கட்டித் தந்த ரைஸ் மில் விஜயம் அம்மாள். மேடைக்குப் பின்னால் பிள்ளைகளிடம் சொன்னேன்: "இன்னைக்கு மட்டும் வலது கையக் குடுங்கட்டி."

"அப்பம் நீங்க சொல்லிக் குடுத்தது பொய்யா டீச்சர்?" என்றாள் மெஹர் பானு.

"வாய மூடுட்டி. பேட்ஜ் வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதுக்குத்தான இம்புட்டுப் பாடு பட்டேன்."

பேர் கூப்பிட்டார்கள். விறைப்பாக நடந்து போய், சல்யூட் வைத்து, இடது கையை நீட்டினாள். அம்மாள் முகம் கறுத்துவிட்டது. "எந்தக் கைய நீட்டுத? மாத்து" என்றார், மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி.

"மாத்த மாட்டேம்மா. சாரணி இப்பிடித்தான் குடுக்கணும்."

பேட்ஜ் தட்டுக்கே திரும்பிப் போயிற்று. அடுத்த பேரை வாசித்தார்கள்.

இன்னொரு சல்யூட் வைத்துவிட்டு வெறும் சட்டையோடு இறங்கி வந்தாள். அழவில்லை. நான் மேடைப் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தேன், நன்றாகத் திட்டிவிடுவது என்று. நேராக வந்தாள். குதிகாலைச் சேர்த்து நின்று, மேடையிலிருந்து அம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, என்னிடம் இடது கையை நீட்டினாள்.